நாவல் முடிந்த இடத்தில் தொடங்கும் விளையாட்டு: விட்ச்சர் கதைக்கு ஓர் அறிமுகம்

"'விட்ச்சர்' வீடியோ கேமின் மூன்றாம் பாகத்தை நூறு மணி நேரம் விளையாடி முடித்துவிட்டேன். இனி அந்த நாவல்களைப் படிக்க வேண்டுமா?" இதை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நாவலில் உள்ள கதையைத்தான் வீடியோ கேம் படம் பிடித்துக் காட்டுகிறது, ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதும் தெரிந்ததாகிவிடும் என்று நம்பித்தான் அவர்கள் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். விளையாட்டை முடித்த பிறகே முதல் புத்தகத்தைத் திறந்தேன். படம் முடிந்து ஊரே கலைந்த பிறகு தியேட்டருக்குள் நுழைந்து, அதன் இரண்டாம் பாகத்தை முதல் பாகம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒரு நாவலுக்கும் அதிலிருந்து பிறந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு திரைப்படத் தழுவலைப் போன்றது அன்று. அதை விளக்க விட்ச்சரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. விளக்க வேண்டுமானால் கதையின் சில திருப்பங்களைச் சொல்லியாக வேண்டும். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நாவல்களை முடித்துவிட்டு இங்கே திரும்பி வரலாம்.

முதலில் ஆசிரியர். ஆன்ஜெய் சாப்கோவ்ஸ்கி 1948இல் போலந்தின் வூச் நகரில் பிறந்தவர். பொருளாதாரம் படித்து, வெளிநாட்டு வணிக நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். எண்பதுகளின் நடுவில் 'ஃபான்டாஸ்டிகா' என்ற போலந்து இதழ் ஒரு சிறுகதைப் போட்டி நடத்தியது. கதை முப்பது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதற்கு அவர் அனுப்பிய கதையின் பெயர் 'வியெஜ்மின்'. மூன்றாம் பரிசு கிடைத்தது. 1986 டிசம்பரில் அச்சாயிற்று. அரசனின் மகள் சாபத்தால் இரவில் பிணந்தின்னியாக எழுந்து ஊரை வேட்டையாடுகிறாள். அவளை மீட்பவனுக்குப் பரிசு. இது போலந்தின் பழைய நாட்டுப்புறக் கதை. சாப்கோவ்ஸ்கி அதில் ஒன்றைத்தான் மாற்றினார். நாட்டுப்புறக் கதையில் ஏழைச் செருப்புத் தொழிலாளி வந்து அரக்கனை வெல்வான். செருப்பு தைக்கிறவருக்குச் செருப்புத்தானே தைக்கத் தெரியும் என்று யோசித்தார் அவர். அரக்கனைக் கொல்வதும் ஒரு தொழில் என்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவன் இருப்பான், கூலி பேசுவான், ஊரார் அவனை அழைப்பார்கள், வேலை முடிந்ததும் முகம் சுளிப்பார்கள். அப்படிப் பிறந்தவன்தான் வெள்ளை முடிக்காரன் கெரால்ட்.

'வியெஜ்மின்' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலந்து மொழியில் சூனியக்காரியை 'வியெஜ்மா' என்பார்கள். அதற்கு ஆண்பால் உருவாக்கியதுதான் வியெஜ்மின். கெரால்டைப் போல அரக்கனைக் கொல்வதைத் தொழிலாகக் கொண்டவன்; ஆங்கிலத்தில் அவனே 'விட்ச்சர்'. அந்தச் சொல்லின் வேருக்கு 'அறிதல்' என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'வித்' என்ற வேரும் அதே பழங்குடும்பம். நாம் வித்தை என்று சொல்லும்போது அந்த வேரின் இன்னொரு கிளையைத்தான் தொடுகிறோம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அந்த ஒரு சிறுகதை வளர்ந்து இரண்டு சிறுகதைத் தொகுப்புகளாயிற்று. அவை ஆங்கிலத்தில் 'தி லாஸ்ட் விஷ்', 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி' என்ற பெயர்களில் கிடைக்கின்றன. பிறகு 1994 முதல் 1999 வரை ஐந்து நாவல்கள் வந்தன. சிறுகதைகளில் கெரால்ட் ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறான். நாவல்களிலோ அவன் வேட்டை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சிரி என்ற சிறுமியை அவன் மகளாக ஏற்கிறான். போர் அவர்களைப் பிரிக்கிறது. அவளைத் தேடி நடக்கிறான். தமிழில் எழுதும்போது அந்தப் பெயர் 'சிரி' என்றே அமைந்துவிடுவது எனக்குப் பிடிக்கும். அந்தப் பெண்ணுக்கு நாவல்களில் சிரிக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஐந்தாம் நாவலின் முடிவில், ரிவியா நகரில் குள்ளர்கள், எல்ஃப்கள் ஆகிய மனிதரல்லாத இனத்தவருக்கு எதிராகக் கலவரம் மூள்கிறது. கெரால்ட் தடுக்கப் போகிறான். பெரிய மந்திரவாதியோ அரக்கனோ அவனை வீழ்த்தவில்லை. கூட்டத்திலிருந்த யாரோ ஓர் இளைஞன் வைக்கோல் அள்ளும் கவைமுள்ளால் வயிற்றில் குத்திவிடுகிறான். கெரால்டைக் காப்பாற்ற முயன்று அவன் காதலி யென்னிஃபரும் அருகிலேயே சாய்கிறாள். சிரி இருவரையும் படகில் ஏற்றி மூடுபனிக்குள் போகிறாள். அவர்கள் இறந்தார்களா, வேறோர் உலகில் வாழ்கிறார்களா என்பதைச் சாப்கோவ்ஸ்கி சொல்லவில்லை. திறந்தே விட்டுவிட்டார்.

விளையாட்டு தொடங்குவது இந்த இடத்துக்குப் பிறகு.

வார்சாவில் 1994இல் தொடங்கிய சிடி புரொஜெக்ட் நிறுவனம், வெளிநாட்டு விளையாட்டுகளை வாங்கி விற்று, அவற்றைப் போலந்து மொழிக்கு மாற்றித் தந்துகொண்டிருந்தது. 2002இல் சொந்தமாக விளையாட்டு செய்ய ஒரு பிரிவைத் தொடங்கியது. முதல் விட்ச்சர் விளையாட்டு 2007இலும், இரண்டாவது 2011இலும், மூன்றாவது 2015இலும் வந்தன. முதல் விளையாட்டின் தொடக்கத்தில் கெரால்ட் நினைவிழந்தவனாகக் காட்டில் ஓடி வருகிறான். பழைய தோழர்கள் அவனைக் கண்டெடுத்து விட்ச்சர்களின் கோட்டைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். தான் யார் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

இந்த நினைவிழப்பு மிகச் சாமர்த்தியமான ஏற்பாடு. புத்தகத்தைக் கையில் எடுத்தவர் கெரால்டைப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். விளையாடுகிறவரோ கெரால்டாகவே ஆகிவிடுகிறார். ஆனால் கெரால்டுக்கு ஏழு புத்தக அளவு வாழ்க்கை இருக்கிறது. விளையாடுகிறவருக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாமல் இருக்கலாம். அவன் நினைவை அழித்துவிட்டால் இருவரும் சமநிலைக்கு வந்துவிடுகிறார்கள். அவன் கேட்கும் கேள்விகளெல்லாம் நாம் கேட்க வேண்டியவை. இன்னொரு வசதியும் உண்டு: பழைய கெரால்ட் செய்யாததை இந்தப் புதிய கெரால்ட் செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு நாவலின் கதையை அப்படியே விளையாட்டாக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கலவரத்தில் கவைமுள் குத்து விழுவது நாவலில் விதி. விளையாட்டில் அதே இடம் வந்தால் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது, நாம் விலகிக்கொள்வோம். விலக முடியாது என்று விளையாட்டு தடுத்தால், பிறகு நம் கையில் எதற்கு அந்தப் பொத்தான் என்று கோபம் வரும். முடிவு தெரிந்த கதைக்குள் தேர்வு செய்யும் உரிமையைக் கொடுப்பது கடினம். ஆகவே நாவல் முற்றுப்புள்ளி வைத்த இடத்துக்கு அப்பால் போனார்கள். அங்கே ஆசிரியர் எழுதிய வரி எதுவும் இல்லை. யாரைக் காதலிப்பது, யாரைக் காப்பாற்றுவது என்பதையெல்லாம் விளையாடுகிறவரிடமே விட்டுவிடலாம்.

சாப்கோவ்ஸ்கி இதை ஏற்கவில்லை. விளையாட்டு தன் நாவல்களின் தொடர்ச்சியும் அல்ல, மாற்று வடிவமும் அல்ல என்றே அவர் பேட்டிகளில் சொல்லிவந்தார். கெரால்டின் கதையைச் சொல்லும் உரிமை அவனைப் படைத்தவருக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் செய்வது தன் படைப்பின் கூறுகளை எடுத்துக்கொண்ட தனி ஆக்கம் என்பது அவர் நிலை. அவர் பேச்சில் கடுமை உண்டு. ஆனாலும் கருத்து சரி என்றே நினைக்கிறேன். 2013இல் அவரே ஒரு புதிய கெரால்ட் நாவலை வெளியிட்டபோது, முதல் சிறுகதைக்கு முந்தைய காலத்துக்குத்தான் போனார். விளையாட்டில் நடந்த எதற்கும் அவர் நாவல்கள் பொறுப்பேற்கவில்லை. உறவு ஒருவழிப் பாதை: விளையாட்டு நாவலிலிருந்து எடுக்கிறது, நாவல் விளையாட்டிலிருந்து எடுப்பதில்லை.

எதை எடுக்கிறது, எடுத்ததை என்ன செய்கிறது என்பதில்தான் சுவை அதிகம். குவின்ட் என்ற சீட்டாட்டம் நாவலில் குள்ளர்கள் வழியில் உட்கார்ந்து ஆடுகிற ஒன்று. மூன்றாம் விளையாட்டு அதை முழு விதிகளோடு கட்டி எழுப்பியது. உலகம் அழியப்போகிறது, மகளைக் காணவில்லை என்ற நிலையிலும் சத்திரக்காரரோடு சீட்டாட உட்கார்ந்தவர்கள் ஏராளம். பிறகு 2018இல் அது தனி விளையாட்டாகவே வெளிவந்தது. இன்னொன்று, விட்ச்சர்களின் பயிற்சிப் பள்ளிகள். விளையாட்டில் ஓநாய், பூனை, கரடி என்று பல பள்ளிகள்; ஒவ்வொன்றுக்கும் தனிக் கவசம், தனி வாள். சாப்கோவ்ஸ்கியின் முதல் தொகுப்பில் ஓநாய்ப் பள்ளி என்று ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. அது அங்கே இருந்திருக்கவே கூடாது, கதைக்கே ஊறு என்று கருதித்தான் பிறகு அதைத் தொடவில்லை என்று அவர் 2025இல் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னபோது தெரிவித்தார். எழுதியவர் கைவிட்ட ஒரு வாக்கியத்திலிருந்து விளையாட்டு ஒரு தோப்பையே வளர்த்துவிட்டது. விளையாடுகிறவருக்குச் சேகரிக்க ஏதாவது வேண்டும். அந்தத் தேவைக்கு அந்த வாக்கியம் பொருந்தியது.

வெண்பனி என்ற பேரழிவுக்கும் இதே கதிதான். நாவலில் அது மெல்ல மெல்ல வரும் பனியுகம். இயற்கை நிகழ்வு, யாரும் தடுக்க முடியாது, அந்த உலகத்து அறிஞர்கள் அதற்குக் காரணம் சொல்லி விவாதிக்கிறார்கள். விளையாட்டில் அதை எதிர்கொண்டு நிறுத்த சிரி உள்ளே நுழைகிறாள். ஆயிரக்கணக்கான ஆண்டு கழித்து வரப்போகும் குளிரை வாளால் வெட்ட முடியாது; அதனால் வெட்டக்கூடிய ஒன்றாக மாற்றிக்கொண்டார்கள். இந்த மாற்றம் எனக்கு உவப்பாக இல்லை. நாவலின் மிக ஆழமான சோகங்களில் ஒன்று அங்கே இலகுவாகிவிட்டது.

ஆனால் அதே விளையாட்டுதான், நாவலின் உயிரை நான் எதிர்பார்க்காத வகையில் பிடித்துத் தந்தது. மூன்றாம் பாகத்தில் சிரியை வளர்த்த முதியவர் வெசெமிர் போரில் இறந்துவிடுகிறார். அவள் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று நம்மிடம் விளையாட்டு கேட்கிறது. எல்லாவற்றிலும் நீ சிறந்தவளாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி அவளோடு குடிக்க உட்காரலாம். அல்லது, உன் மனதைத் தேற்ற எனக்கு ஒரு வழி தெரியும் என்று வெளியே அழைத்துச் சென்று, ஒருவர் மீது ஒருவர் பனி உருண்டை எறிந்து விளையாடலாம். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் இப்படிப்பட்ட சில தருணங்களைத்தான் விளையாட்டு ரகசியமாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. கடைசியில் சிரி உயிரோடு திரும்புவாளா என்பதைத் தீர்மானிப்பது நம் வாள்வீச்சு அன்று. அவளை நம்பினோமா, அவள் போக விரும்பிய இடத்துக்குத் தனியே போக விட்டோமா, அவள் கோபத்துக்கு இடம் கொடுத்தோமா என்பவைதான்.

நாவல்களைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். அரசர்கள், மந்திரவாதிகள், எல்ஃப்கள் என்று எல்லோரும் சிரியை ஒரு கருவியாகவே பார்க்கிறார்கள். அவளுடைய இரத்தம் வேண்டும், பட்டம் வேண்டும், வாரிசு வேண்டும். கெரால்ட் ஒருவன்தான் அவளை மகளாக மட்டும் பார்க்கிறான். விதி மட்டும் போதாது, அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கதைகளின் நடுவே ஓடுகிறது. நாவல் இதை உரையாடலாலும் மௌனத்தாலும் சொல்கிறது. விளையாட்டு அதை ஓர் ஆட்ட விதியாக மாற்றி நம் கையில் கொடுத்துவிட்டது. பிள்ளையை அளவுக்கு மீறிப் பொத்தி வைத்தவர், முடிவில் அவளை இழக்கிறார். முதல் முறை எனக்கு அப்படித்தான் நடந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நல்ல தழுவல் என்று நான் சொல்வது இதைத்தான். சம்பவங்களைக் கொண்டுவருவது எளிது. முதல் விளையாட்டின் தொடக்கக் காட்சியே அந்த 1986ஆம் ஆண்டுச் சிறுகதையின் சண்டைதான். அழகாகச் செய்திருக்கிறார்கள், அதோடு சரி. கதையின் மனப்போக்கைக் கொண்டுவருவதுதான் அரிது. முதல் தொகுப்பில், சிறிய தீமை எது பெரிய தீமை எது என்று தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கும் கெரால்ட், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காப்பாற்றிய ஊராராலேயே கல்லெறி படுகிறான். விளையாட்டில் வரும் குடிகாரப் பிரபுவின் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. மனைவியை அடித்தவன், அவளைத் தேடி அழுகிறான்; நாம் எந்த வழியில் போனாலும் யாரோ ஒருவர் பலியாகிறார்கள். அதை எழுதியவர்கள் சாப்கோவ்ஸ்கியின் வரிகளைப் பிரதி எடுக்கவில்லை. அவர் பயன்படுத்திய அதே நாட்டுப்புறக் கிணற்றில் தாங்களும் வாளியை இறக்கினார்கள். மூன்றாம் விளையாட்டுக்கு 2015இல் வந்த கூடுதல் பகுதியும் அப்படித்தான்: பிசாசோடு ஒப்பந்தம் போட்ட ட்வார்டோவ்ஸ்கி என்ற கனவானைப் பற்றிய போலந்து மரபுக்கதையை எடுத்து, நிலவில் நின்றால்தான் ஆன்மாவை எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையாக மாற்றிக்கொண்டது.

விளையாட்டுக்குள் வராதது எது என்றும் சொல்ல வேண்டும். நாவல்களின் அத்தியாயத் தொடக்கங்களில் கற்பனைக் கலைக்களஞ்சியங்கள், வரலாற்று நூல்கள், பாணன் டாண்டிலியனின் நினைவுக் குறிப்புகள் என்று மேற்கோள்கள் வரும். ஒன்று சொன்னதை மற்றது மறுக்கும். நாம் படிப்பது உண்மையில் நடந்ததா, பிற்காலத்தார் கட்டிய கதையா என்ற ஐயம் கடைசிவரை தீராது. பெரிய போர் ஒன்றை, களத்து மருத்துவமனையில் காயம் தைத்துக்கொண்டிருப்பவர்கள் வழியாக நாம் கேட்கிறோம். விளையாட்டில் பாத்திரக் குறிப்புகளை டாண்டிலியனின் குரலில் எழுதியிருப்பது இதன் மெல்லிய எதிரொலி. அதற்கு மேல் அதனால் முடியவில்லை.

இனி, நாவல் முந்தியதா விளையாட்டு முந்தியதா என்ற அந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். போலந்துக்காரர்களுக்குக் குழப்பமே இல்லை. அவர்கள் 1999இலேயே கடைசி நாவலைப் படித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் முதல் தொகுப்பு வந்தது 2007இல், முதல் விளையாட்டு வந்த அதே ஆண்டு. கடைசி நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல்தான் வந்தது. அதற்குத் தொடர்ச்சியாக அமைந்த மூன்றாம் விளையாட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உலகம் முழுவதும் பரவிவிட்டது. ஆங்கிலம் வழியாக வந்த நம்மைப் போன்றவர்களுக்குப் பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறந்தார். போதாக்குறைக்குச் சில பதிப்புகளின் அட்டையில் விளையாட்டின் ஓவியங்களையே போட்டார்கள். விளையாட்டைப் பார்த்து எழுதிய புத்தகம் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள் என்று சாப்கோவ்ஸ்கி வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது. அதே சமயம், விளையாட்டு இல்லாதிருந்தால் அந்த மொழிபெயர்ப்புகளில் பாதியாவது என் கைக்கு வந்திருக்குமா என்பதும் எனக்கு ஐயம்தான்.

பணக் கணக்கையும் தொட்டுவிடுகிறேன். புதியவர்கள் தவறாமல் கேட்பது அது. ஒரு பாத்திரத்தையும் உலகத்தையும் பயன்படுத்த நிறுவனம் ஆசிரியரிடம் உரிமை வாங்க வேண்டும். லாபத்தில் பங்கு தருவதாக நிறுவனம் சொன்னபோது, லாபமே வராது, முழுத் தொகையையும் இப்போதே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டதாகவும், அது முட்டாள்தனம் என்றும் சாப்கோவ்ஸ்கியே 2017இல் ஒப்புக்கொண்டார். மூன்றாம் விளையாட்டு மட்டும் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக நிறுவனம் 2023இல் அறிவித்தது. 2018இல் அவருடைய வழக்கறிஞர்கள் 6 கோடி ஸ்வாட்டி (போலந்து நாணயம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். படைப்பாளிக்குக் கொடுத்த தொகை, வாங்கியவர் அடைந்த பலனோடு ஒப்பிடமுடியாத அளவு சிறியதாக இருந்தால் உயர்த்திக் கேட்கலாம் என்று போலந்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. பேச்சு நடந்தது, 2019 டிசம்பர் 20 அன்று புதிய ஒப்பந்தம் கையெழுத்தானதை நிறுவனம் அறிவித்தது. அதே நாளில்தான் நெட்ஃபிளிக்ஸின் விட்ச்சர் தொடரும் வெளியானது. அந்தத் தொடர் தன் கதையை நாவல்களிலிருந்து எடுத்தது, விளையாட்டிலிருந்து அன்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாவலும் விளையாட்டும் எப்போதும் இப்படி விலகி நிற்பதில்லை. டோல்கீனின் 'ஹாபிட்' 1982இல் எழுத்து வடிவ விளையாட்டாக வந்தபோது கதையை ஒட்டியே போனது. பெட்டிக்குள் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரேமண்ட் ஃபீஸ்டின் கற்பனை உலகத்தில் நடக்கும் புதிய கதையை வேறொருவர் 1993இல் விளையாட்டாக எழுதினார்; அந்தக் கதையை 1998இல் ஃபீஸ்டே நாவலாக எழுதி வெளியிட்டார். அங்கே ஆறு மலையேறித் திரும்பி வந்தது. ரஷ்ய எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கி தன் மெட்ரோ நாவல்களிலிருந்து பிறந்த விளையாட்டுகளின் எழுத்திலும் பங்கெடுத்தார்.

எங்கே தொடங்குவது? 'தி லாஸ்ட் விஷ்' தொகுப்பில் தொடங்குங்கள். பிறகு 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி'. இதைத் தாண்டிக் குதித்து நாவலுக்குப் போனால் சிரி யார் என்றே புரியாது. பிறகு ஐந்து நாவல்களும் வரிசையாக. விளையாட்டை ஏற்கெனவே முடித்தவர்களும் தயங்க வேண்டாம். சிரியை நாம் அடையாளம் கண்டுகொள்ளும் அந்த முதல் சந்திப்பு, விளையாடி வந்தவர்களுக்கு இன்னும் ஒரு மடங்கு வலிக்கும், எனக்கு வலித்தது. நாவல்களை முடித்துவிட்டு மூன்றாம் விளையாட்டை மறுபடி திறந்தபோது, தொடக்கக் காட்சியில் யென்னிஃபரின் கடிதத்தில் வரும் லைலாக் மலர், நெல்லிக்கனி வாசனையைக் கெரால்ட் உணரும் இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் முறை அது வெறும் வாசனையாக இருந்தது.

2024 நவம்பர் கடைசியில் சாப்கோவ்ஸ்கியின் புதிய கெரால்ட் நாவல் போலந்து மொழியில் வந்தது. அதில் கெரால்ட் பயிற்சி முடித்துக் கோட்டையை விட்டு முதன்முதலாக வெளியே வரும் இளைஞன். இரண்டு வாரம் கழித்து, டிசம்பரில், நிறுவனம் நான்காம் விளையாட்டின் முன்னோட்டத்தைக் காட்டியது. அதில் கெரால்ட் நாயகன் இல்லை. வளர்ந்துவிட்ட சிரி, முதுகில் வாளோடு, கூலி பேசி, ஓர் ஊரின் அரக்கனை எதிர்த்துத் தனியாக நடந்து போகிறாள்.